டீச்சரிடம் கேளுங்கள்: என்எஸ்ஃபாஸ் மறுத்துவிட்டது, இனி எங்கே போவது?

இங்கே தென்னாப்பிரிக்காவில் மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடிவு வந்த வாரத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: அரசின் மாணவர் நிதி உதவித் திட்டமான என்எஸ்ஃபாஸ் பணம் தர மறுத்துவிட்டது. அதனால் மற்ற கேள்விகளை எல்லாம் அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு, இந்த முறை படிப்புச் செலவைப் பற்றி மட்டும் பதில் எழுதுகிறேன். கடிதங்களைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அம்மா: டீச்சர், என் கணவர் ஃபேக்டரியில் சூப்பர்வைசர், மாதம் 31,000 ராண்ட். நான் ஒரு மருந்துக்கடையில் அரைநாள் வேலை, 6,500. மகளுக்கு எஞ்சினியரிங் இடம் கிடைத்திருக்கிறது, முதல் வருடக் கட்டணம் மட்டும் 68,000 என்று தாள் வந்திருக்கிறது. என்எஸ்ஃபாஸ் எங்கள் வருமானம் அதிகம் என்று மறுத்துவிட்டது. பிடித்தமெல்லாம் போக இரண்டு பேர் கைக்கும் சேர்த்து வருவது 27,000. அதில் வீட்டு பாண்ட் கடன், கார், மாமியாரின் மருந்து, கரண்ட் பில். பக்கத்து வீட்டுப் பையன் ஒரு சென்ட் கட்டாமல் படிக்கிறான். எங்கள் பிள்ளை மட்டும் என்ன பாவம் செய்தாள்?

அம்மா, உங்கள் மகள் ஒரு பாவமும் செய்யவில்லை. பக்கத்து வீட்டுப் பையனும் உங்கள் பங்கை எடுத்துக்கொண்டு போகவில்லை, அந்த வீட்டுக்கு அது கட்டாயம் வேண்டிய பணம். கோளாறு வருமான வரம்பு என்று கோடு போட்டிருக்கிற விதத்தில் இருக்கிறது.

என்எஸ்ஃபாஸ் பார்ப்பது வீட்டின் மொத்த வருட வருமானத்தை, அதுவும் வரி, பென்ஷன், மெடிக்கல் எய்டு எதுவும் பிடிப்பதற்கு முந்தைய தொகையை. நீங்கள் கையில் வாங்கும் 27,000 அவர்கள் கணக்கில் வரவே வராது. 31,000-உம் 6,500-உம் சேர்ந்து 37,500, பன்னிரண்டு மாதத்துக்கு 4,50,000. கோடு 3,50,000-இல் இருக்கிறது, அதாவது மாதம் 29,166 ராண்ட். பிள்ளைக்கு உடற்குறை இருந்தால் மட்டும் அது 6 லட்சம். 29,000 வருகிற வீட்டுக்குக் கட்டணம், தங்குமிடம், புத்தகம் எல்லாம் கிடைக்கிறது, 30,000 வருகிற வீட்டுக்கு ஒன்றுமே கிடையாது. படிப்படியாகக் குறைந்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள், இது ஒரே வெட்டாக வெட்டினது போல் இருக்கிறது. போதாததற்கு அந்தக் கோடு 2018-இல் போட்டது. 2015 அக்டோபரில் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகள் கட்டண உயர்வை எதிர்த்துக் கிளம்பினார்கள், போராட்டம் நாடு முழுக்கப் பரவியது, 2017 டிசம்பர் 16 அன்று அப்போதைய ஜனாதிபதி ஜூமா இலவசக் கல்வி என்று அறிவித்தபோது சொன்ன தொகைதான் இந்த மூன்றரை லட்சம். அதற்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியது, பெட்ரோல் ஏறியது, உங்கள் கணவர் சம்பளமும் அதற்கேற்ற மாதிரி கொஞ்சம் ஏறியிருக்கும். கோடு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இது நியாயமில்லை, கேட்கிற எல்லாரிடமும் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சரி, இப்போது என்ன செய்யலாம் என்று பார்ப்போம். உங்களைப் போன்ற வீடுகளுக்கு ‘மிஸ்ஸிங் மிடில்’ என்று அரசாங்கமே ஒரு பெயர் வைத்திருக்கிறது, நடுவில் விடுபட்டவர்கள் என்று அர்த்தம். 3,50,001-லிருந்து 6,00,000 வரை வருமானம் உள்ள குடும்பங்கள். 2024 ஜனவரியில் அப்போதைய உயர்கல்வி அமைச்சர் பிளேட் ந்சிமாண்டே இவர்களுக்கென்று ஒரு கடன் திட்டத்தை அறிவித்தார். முதல் கட்டமாக 380 கோடி ராண்ட், 31,884 மாணவர்களுக்கு. அப்போது இந்த நடுக் கூட்டத்தில் 68,446 மாணவர்கள் இருப்பதாக அவர்களே கணக்கிட்டிருந்தார்கள், அப்படியானால் பாதிப் பேருக்குக்கூட வரவில்லை. அதில் 70 சதவீதம் அறிவியல், எஞ்சினியரிங், கணிதம் மாதிரியான படிப்புகளுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள், அந்த வகையில் உங்கள் மகள் சரியான பக்கத்தில் இருக்கிறாள். ஆனால் இது மானியம் இல்லை, கடன். வேலைக்குப் போன பிறகு திருப்பிக் கட்ட வேண்டும். ஆகவே இதை முதலில் எடுக்காதீர்கள், கடைசிக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் போக வேண்டிய இடம் இக்குசாசா என்ற மாணவர் நிதி உதவித் திட்டம், இஸ்ஃபாப் என்றும் சொல்வார்கள். வருட வருமானம் 6 லட்சத்துக்குள் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு, நாட்டில் ஆள் தட்டுப்பாடு உள்ள தொழில்களுக்கான படிப்புக்குக் கொடுக்கிறார்கள், எஞ்சினியரிங் அதில் உண்டு. அடுத்தது பல்கலைக்கழகத்தின் நிதி உதவி அலுவலகம். அங்கே போகும்போது என்எஸ்ஃபாஸ் அனுப்பிய மறுப்புக் கடிதத்தைக் கையில் கொண்டு போங்கள். பல பெற்றோர் கோபத்தில் அதை அழித்துவிடுகிறார்கள். ‘நடுவில் விடுபட்ட வீடு’ என்பதற்கு அந்தக் கடிதம்தான் சாட்சி, பல இடங்களில் அதைக் கேட்கிறார்கள். மகள் மெட்ரிக்கில் நல்ல மார்க் வாங்கியிருந்தால் அதற்கென்று தனியாக ஏதாவது கட்டணத் தள்ளுபடி உண்டா என்றும் அங்கேயே கேளுங்கள். கேட்காமல் யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் உங்கள் இருவரின் வேலை இடம். இதைத்தான் எல்லாரும் மறந்துபோகிறார்கள். வருடத்துக்கு 5 லட்சத்துக்கு மேல் சம்பளம் கொடுக்கிற ஒவ்வொரு கம்பெனியும் அதில் ஒரு சதவீதத்தைத் திறன் பயிற்சி வரியாகக் கட்டுகிறது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி துறைவாரியாக உள்ள செட்டாக்கள் என்ற பயிற்சி ஆணையங்களுக்குப் போகிறது. உங்கள் கணவர் ஃபேக்டரி எந்த செட்டாவின் கீழ் வருகிறது, உங்கள் மருந்துக்கடை எதன் கீழ் வருகிறது என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். சில செட்டாக்கள் அந்தத் துறையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு என்றே பர்சரி, அதாவது படிப்பு உதவித்தொகை, வைத்திருக்கின்றன. கம்பெனியே ஊழியரின் பிள்ளைக்கு பர்சரி கொடுத்தால், அந்த ஊழியர் வாங்குவது வருடம் 6 லட்சத்துக்குள் இருந்தால், மெட்ரிக்குக்கு மேற்பட்ட படிப்புக்கு 60,000 ராண்ட் வரை வரி கிடையாது, 2017 மார்ச்சிலிருந்து இந்த விதி இருக்கிறது. உங்கள் கணவர் வருடம் 3,72,000 வாங்குகிறார், இதற்குள் தாராளமாக வருகிறார். முதலாளிக்கு இந்த விதி தெரியாமல் இருக்கலாம், நீங்கள் எடுத்துச் சொல்லலாம்.

இன்னொன்று. ‘பர்சரி எல்லாம் கறுப்பருக்கு, நமக்கு இல்லை’ என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லியே விண்ணப்பம் போடாமல் விட்டுவிடுகிறோம். 2003-ஆம் ஆண்டின் பிஇஇ சட்டத்தில், அதாவது கறுப்பர் பொருளாதார மேம்பாட்டுச் சட்டத்தில், கறுப்பர் என்ற சொல்லுக்குள் ஆப்பிரிக்கர், கலர்ட் என்கிற கலப்பினத்தவர், இந்தியர் மூன்று பேரும் வருகிறார்கள். நம் பிள்ளைக்கு பர்சரி கொடுத்தாலும் அந்தச் சட்டத்தின் கணக்கில் கம்பெனிக்குப் புள்ளி கிடைக்கும். ஆப்பிரிக்கருக்கும் கலர்டுக்கும் மட்டும் என்று வைத்திருக்கிற பர்சரிகளும் உண்டு, அதைப் படிவத்திலேயே எழுதியிருப்பார்கள். எழுதாத இடத்தில் நீங்களாகவே வாசலை மூடிக்கொள்ளாதீர்கள்.

68,000-உம் ஒரே இடத்திலிருந்து வரும் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம். ஒரு இடத்தில் 20,000, ஒரு இடத்தில் 15,000, மிச்சத்தை மாதத் தவணையில் கட்டப் பல்கலைக்கழகத்தோடு எழுத்தில் ஒரு ஒப்பந்தம், இப்படித்தான் நடுத்தர வீட்டுப் பிள்ளைகள் முதல் வருடத்தைத் தாண்டுகிறார்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து ஒரு அப்பா: நவம்பரில் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மகனின் என்எஸ்ஃபாஸ் விண்ணப்பம் ‘வருமானம் அதிகம்’ என்று திரும்பி வந்திருக்கிறது. எந்த வருமானம் என்றே எனக்குத் தெரியவில்லை, டீச்சர்.

போன வருடத்து வருமானம், ஐயா. என்எஸ்ஃபாஸ் உங்களிடம் பேஸ்லிப் வாங்கிப் பார்த்து முடிவு செய்வதில்லை, வருமான வரித் துறையின் பதிவோடு ஒத்துப்பார்க்கிறது. அந்தப் பதிவில் நீங்கள் இன்னும் வேலையில்தான் இருக்கிறீர்கள். இதற்குத்தான் மேல்முறையீடு என்று ஒன்று இருக்கிறது. மறுப்பு வந்த 30 நாளுக்குள் மகன் தன் மைஎன்எஸ்ஃபாஸ் இணையக் கணக்கிலிருந்தே போட வேண்டும், காரணம் கேட்கும் இடத்தில் குடும்ப வருமானம் மாறியதைக் காட்ட வேண்டும். வேலை நீக்கக் கடிதம், யுஐஎஃப் என்ற வேலையிழப்புக் காப்பீட்டுத் தாள், கூடவே போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்து வாங்கிய ஒரு அஃபிடவிட், இதெல்லாம் சேருங்கள். அஃபிடவிட்டில் கதை வேண்டாம், எந்தத் தேதியில் வேலை போனது, கடைசிச் சம்பளம் எவ்வளவு, இப்போது வீட்டுக்கு வருவது எவ்வளவு, இவ்வளவு போதும். மனைவிக்கு வருமானம் இருந்தால் அதையும் உள்ளபடி எழுதுங்கள்.

ஒரு நகல் இல்லாமல் எதையும் அனுப்ப வேண்டாம். என் தம்பிக்கு ஒரு காலத்தில் பர்சரி படிவத்தை ஒரு அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தோம், மூன்று மாதம் கழித்து அப்படி ஒரு படிவம் வரவே இல்லை என்றார்கள், எங்களிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை, அவனுக்கு ஒரு வருடம் போயே போய்விட்டது. அப்பா அன்று ஒன்றும் பேசாமல் தோட்டத்துக்குள் போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இன்று போனிலேயே படம் எடுத்துவைத்துக்கொள்ளலாம், மேல்முறையீடு அனுப்பியதும் திரையில் வருகிற எண்ணையும் சேர்த்து எடுத்துவையுங்கள்.

லெனேசியாவிலிருந்து: தனியார் கல்லூரியில் சேர்த்தால் என்எஸ்ஃபாஸ் வருமா?

வராது. 26 அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் டிவெட் என்கிற 50 அரசுத் தொழிற்கல்விக் கல்லூரிகளுக்கும் மட்டும்தான். தனியார் இடத்தில் பணம் கட்டுவதற்கு முன்னால் அது உயர்கல்வித் துறையில் பதிவானதா, அந்தப் படிப்பு சாக்வா என்ற கல்வித் தகுதி ஆணையத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்காமல் ஒரு ராண்டும் கொடுக்காதீர்கள்.

ஸ்டாங்கரிலிருந்து ஒரு மருமகள்: மகளுக்குக் கோயில் சங்கத்தில் படிப்பு உதவி கேட்கலாம் என்றேன். மாமனார் ‘நம் குடும்பத்தில் யாரும் தர்மப் பணத்தில் படித்ததில்லை’ என்று கோபித்துக்கொண்டார். அவருக்கு எப்படிச் சொல்வது, டீச்சர்?

மாமனாரிடம் கோபிக்க வேண்டாம், அவர் தலைமுறைக்கு மானம் பெரிது, கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் அப்படித்தான் நிமிர்ந்து நின்றார்கள். ஆனால் அவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: தாத்தா, நீங்கள் எந்தப் பள்ளியில் படித்தீர்கள்? நேட்டாலில் அந்தக் காலத்து இந்தியப் பள்ளிகளில் பெரும்பாலானவை அரசு உதவி பெறும் பள்ளிகள். ஊர்க்காரர்கள் காசு சேர்த்துக் கட்டடம் எழுப்ப, செலவில் பாதியை மாகாண அரசு கொடுக்கும். சேர்த்தவர்கள் யார்? காய்கறி விற்றவர்களும், மில்லில் வேலை செய்தவர்களும், ஹோட்டலில் வெயிட்டராக நின்றவர்களும்தான். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரி இந்திய அரசின் ஏஜெண்டாக இங்கே வந்தபோது, நம் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார், சமூகம் சேர்த்த பணத்தில்தான் டர்பனில் சாஸ்திரி காலேஜ் எழுந்தது. திருவிதாங்கூரிலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்த எம்.எல். சுல்தான் தான் சம்பாதித்ததிலிருந்து அள்ளிக் கொடுத்ததால் ஒரு தொழில்நுட்பக் கல்லூரிக்கு அவர் பெயர் வந்தது, அதுதான் பிறகு இன்னொரு கல்லூரியோடு சேர்ந்து இன்றைய டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆனது. 1961-இல் நமக்கென்று ஒரு கல்லூரியை டர்பன் துறைமுகத்தில் உள்ள சாலிஸ்பரி தீவில் கொண்டுபோய் வைத்தார்கள், படகில் போய்ப் படித்த பிள்ளைகளின் கட்டணத்துக்கு எத்தனை வீடுகளில் அத்தையும் மாமாவும் சேர்ந்து கொடுத்தார்கள் என்று வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நம்மில் தனியாகப் படித்தவர் யாரும் இல்லை, அம்மா. கோயில் சங்கம் கொடுப்பது அன்று சேர்த்த அதே பணத்தின் தொடர்ச்சிதான். உங்கள் மகள் படித்து வேலைக்குப் போனதும் அந்தச் சங்கத்துக்கு இன்னொரு பிள்ளையின் கட்டணத்தைக் கொடுக்கட்டும், தாத்தாவின் கையாலேயே கொடுக்கட்டும். இதைச் சொல்லிப் பாருங்கள், அவர் இளகிவிடுவார் என்று நினைக்கிறேன்.

டோங்காட்டிலிருந்து ஒரு தாத்தா: பேரன் பேங்கில் படிப்புக் கடன் கேட்டிருக்கிறான். அவன் அப்பாவுக்கு ஏற்கெனவே கடன்கள் இருப்பதால் என்னை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். மில் பென்ஷன் வருகிறது, வீடு என் பெயரில் இருக்கிறது. கையெழுத்துதானே, போட்டால் என்ன?

தாத்தா, தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ‘கையெழுத்துதானே’ என்ற ஒரு வார்த்தையில் நம் ஆட்கள் எத்தனை பேர் நிம்மதியை இழந்திருக்கிறார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கடன் நடக்கும் விதம் பொதுவாக இதுதான். பேரன் படிக்கும்வரை அசலைக் கட்ட வேண்டாம், ஆனால் வட்டியை மாதா மாதம் யாராவது கட்ட வேண்டும், அந்த யாராவது என்பவர் ஜாமீன் போட்டவர். வருடம் 80,000 ராண்ட் வாங்குகிறான், வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் மாதம் சுமார் 730 ராண்ட், பரவாயில்லை என்று தோன்றும். இரண்டாம் வருடம் அதே அளவு இன்னொரு கடன் சேரும், 1,460 ஆகும். நான்காம் வருடத்தில் கடன் 3,20,000, வட்டி மட்டும் மாதம் 2,900-க்கு மேல். ஒரு வருடம் தவறிவிட்டால் ஐந்தாவது கடன். படிப்பை முடித்து அவனுக்கு வேலை கிடைக்கத் தாமதமானால் அசலும் உங்கள் பக்கம் திரும்பும். உங்கள் பென்ஷனில் இதற்கு இடம் இருக்கிறதா என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், பேரனையும் பக்கத்தில் உட்கார வைத்து எழுதுங்கள். அவனும் பார்க்கட்டும். பிள்ளைகளிடம் பணக் கஷ்டத்தை மறைப்பது அன்பு என்று நினைக்கிறோம், தெரிந்திருந்தால் அவர்களே வேறு வழி யோசிப்பார்கள்.

வேறு வழி இருக்கிறது. அவன் ஆசிரியர் வேலைக்குப் போகத் தயாராக இருந்தால் ஃபுன்சா லுஷாகா பர்சரி, அதில் வீட்டு வருமானத்தை வைத்துத் தள்ளுவதில்லை, முன்னுரிமைப் பாடங்களுக்குக் கொடுக்கிறார்கள், எத்தனை வருடம் பணம் வாங்கினானோ அத்தனை வருடம் அரசுப் பள்ளியில் பாடம் நடத்த வேண்டும். நானும் படிக்கும்போது பணம் வாங்கி, பிறகு வேலை செய்து கழித்தவள்தான், அதில் ஒரு குறையும் எனக்கு வந்ததில்லை. முதல் வருடத்தை யுனிசா என்ற தொலைநிலைப் பல்கலைக்கழகத்தில் தொடங்குவது இன்னொன்று, பாடத்துக்குப் பாடம் பணம் கட்டலாம், பகலில் ஏதாவது வேலையும் பார்க்கலாம், ஆனால் அந்தப் பாடங்களை மற்ற பல்கலைக்கழகம் ஏற்குமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். இதெல்லாம் பார்த்து முடிந்த பிறகும் கடன்தான் என்றால், முழுக் கட்டணத்துக்கு வாங்காமல் குறைகிற தொகைக்கு மட்டும் வாங்கட்டும். வீட்டை மட்டும் எந்தக் காகிதத்திலும் சேர்க்க விடாதீர்கள்.

வெருலத்திலிருந்து ஒரு தம்பி: நான் இந்த வருடம் பதினோராம் வகுப்பு. அண்ணனுக்குப் பணம் கிடைக்காமல் வீட்டில் அம்மா அழுததைப் பார்த்தேன். நான் இப்போதே ஏதாவது செய்ய முடியுமா, டீச்சர்?

முடியும் தம்பி, இந்த மாதம் வந்த கடிதங்களிலேயே உன் கடிதம்தான் எனக்கு அதிகம் பிடித்தது.

பல்கலைக்கழகமும் பர்சரி கொடுக்கிறவர்களும் முதலில் பார்ப்பது உன் பதினோராம் வகுப்புக் கடைசி மார்க்கை. மெட்ரிக் முடிவு ஜனவரியில்தான் வரும், அதற்குள் பல பர்சரிகள் மூடிவிடும். அதனால் உனக்குத் தேர்வு வருடம் இதுதான். கணிதத்தை விட்டு, அதைவிட எளிதான ‘கணித அறிவு’ (மேத்ஸ் லிட்டரசி) பாடத்துக்கு மாறச் சொல்லி யாராவது சொன்னால், எந்தப் படிப்புக் கதவெல்லாம் மூடும் என்று கேட்டுவிட்டு முடிவு செய்.

அடுத்த வருடம் நம் க்வாசூலு-நேட்டால் மாகாணப் பல்கலைக்கழகங்களுக்கு சிஏஓ என்ற மைய விண்ணப்ப அலுவலகம் வழியாக விண்ணப்பம் போட வேண்டும், பெரும்பாலான படிப்புகளுக்கு செப்டம்பர் கடைசி வரை நேரம் இருக்கும், மருத்துவத்துக்கு ஜூன் கடைசியிலேயே முடிந்துவிடும். பர்சரி படிவங்கள் அதற்கும் முன்னால், ஏப்ரல் மே மாதத்திலிருந்தே வர ஆரம்பிக்கும். ஐடி, மார்க் தாள், அப்பா அம்மாவின் ஐடி, இவற்றின் நகல்களில் போலீஸ் ஸ்டேஷனில் சீல் வாங்கி ஒரு ஃபைலில் வை, அதற்குப் பணம் கேட்க மாட்டார்கள். பல இடங்களில் மூன்று மாதத்துக்குப் பழைய சீலை ஏற்பதில்லை, அதனால் ஒரே நாளில் இருபது நகலுக்கு வாங்காமல் படிவம் வரும்போது போ.

அப்பாவின் பேஸ்லிப் கேட்டால் சங்கடப்படுவார் என்று நினைக்காதே. எதற்கு என்று விளக்கிச் சொல்லிக் கேள். பிறகு உன்னைப் பற்றி ஒரு பக்கக் கடிதம் எழுது: என்ன படிக்கப் போகிறாய், ஏன், வீட்டில் வரவு செலவு எப்படி, இதுவரை நீ என்ன செய்திருக்கிறாய். பெரிய பெரிய வார்த்தை வேண்டாம், எனக்கு எழுதின மாதிரியே எழுது. எழுதி முடித்ததும் இந்தப் பக்கத்துக்கு அனுப்பு, திருத்தித் திருப்பி அனுப்புகிறேன்.